ஐந்தாவது ஏன்

ஒரு பெண்ணின் மனத்தை அவளுக்கே தவறாகப் படித்துக் காட்டினேன். தெரிந்தே செய்தேன். அவள் நம்பினாள்... இன்றும் நம்புகிறாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை இல்லாமல் எனக்குப் பேச வராது.

1. மஞ்சுளாவின் நிச்சயதார்த்த மோதிரம் காணாமல் போனது.

2. அது என் வெள்ளைக் கோட்டின் பையில் இருந்தது. எடுத்து வைத்தவள் நான். வைத்ததை மறந்துபோனேன்.

3. மறுநாள் விரலில் தட்டுப்பட்டது. கொடுத்துவிடத்தான் அறைக்கு எடுத்துப் போனேன்.

4. கொடுக்கவில்லை. ஏன் தொலைந்தது என்று அவளிடமே கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

5. கடைசிப் பதிலில், தனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை என்று அவள் ‘கண்டுபிடித்தாள்’.

6. கல்யாணம் நின்றது.

7. அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

முதல் ஆறையும் எப்படியாவது சுமந்துவிடலாம். ஏழாவதைத்தான் இரண்டு வருடங்களாகக் கீழே வைக்கவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை.

என் பெயர் வாணி. சாமல்பட்டிக்காரி. மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஓசூரில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பாகத்தை அளந்து, சரி, சரியில்லை என்று சொல்வது என் வேலை. நிதானமானவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன். குரலை உயர்த்தமாட்டேன், அவசரப்படமாட்டேன். நான் சொன்னது அவளிடம் எடுபட்டதற்கு அதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பதற்றக்காரி சொல்லியிருந்தால் மஞ்சுளா சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

எங்கள் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. வாங்கியவரிடமிருந்து ஒரு பாகம் பழுதென்று திரும்பி வந்தால் ‘ஒய்-ஒய்’, அதாவது ‘ஏன்-ஏன்’, போட வேண்டும். ஏன் பழுது? துளை பெரிதாகிவிட்டது. ஏன் பெரிதானது? துளையிடும் கருவி ஆடியது. ஏன் ஆடியது? இப்படி ஐந்து முறை ஏன் கேட்டுக்கொண்டே கீழே இறங்க வேண்டும். ஐந்தாவது பதில்தான் வேர். ‘ஆள் கவனிக்கவில்லை’ என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். கவனிக்கவில்லை என்றால், ஏன் கவனிக்கவில்லை? மனிதத் தவறு ஒரு காரணமே அல்ல. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தே தீர வேண்டும்.

இனி, வெளியே சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். பல சமயம் நாங்கள் மேலிருந்து கீழே எழுதுவதில்லை!

மறுநாளே பதில் போக வேண்டும். என்ன திருத்தம் நம்மால் செய்ய முடியும் என்று முதலில் பார்ப்போம். ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா? சரி, ஐந்தாவது பதில் ‘பயிற்சி போதவில்லை’. பிறகு அங்கிருந்து மேலே ஏறி, நான்கு, மூன்று, இரண்டு என்று பொருத்தமாக இட்டு நிரப்புவோம். சேர்ந்த புதிதில் நான் திணறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எங்கள் மேனேஜர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார்:

“ஏம்மா, கடைசி ஏனை மொதல்ல போட்ரு. மேல இருக்கறதெல்லாம் தானா வந்து உக்காந்துக்கும்.”

உட்கார்ந்துகொண்டன. படித்தால் அவ்வளவு அழகாக இருக்கும்! ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு இட்டுச் செல்லும். படிக்கிறவருக்கு, வேறு எங்கும் போய் முடிந்திருக்கவே முடியாது என்று தோன்றும்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் உளப்பகுப்பாய்வைப் படித்தேன்.

ஓசூரில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தபோது வாங்கிய ஒரு தடித்த புத்தகம். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். மறதி, வாய் தவறுதல், கையில் இருந்ததைத் தொலைத்தல் எதுவும் தற்செயல் இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் செய்தவருக்கே தெரியாமல் நனவிலி மனத்தில் ஒளிந்திருக்கிறது என்று அதில் இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இது எங்கள் சடங்குதானே! இரும்புக்குப் பதில் மனம். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் இல்லை. அது எத்தனை பெரிய விஷயம் என்பதும் எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நடிக்கமாட்டேன்.

அதுவரை உலகத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் ஏன் அப்படிச் செய்தார் என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதிலே கடைசிப் பதில். பொய் சொல்லலாம், மறைக்கலாம். ஆனால் உண்மை அவரிடம்தான் இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ‘எனக்குத் தெரியாதா என்னைப் பற்றி?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். உளப்பகுப்பாய்வு வந்து அந்த இடத்தில் கைவைத்தது. ‘தெரியாது’ என்று சொன்னது. உன் செயலின் காரணத்தைக் கடைசியாகத் தெரிந்துகொள்பவன் நீயாகவே இருக்கலாம் என்று சொன்னது.

யோசித்துப் பாருங்கள்... அது உண்மையானால் ‘நான்’ என்று சொல்லும்போது யார் பேசுவது? நான் தேர்ந்தெடுத்தேன், நான் விரும்பினேன் என்பதற்கெல்லாம் என்ன பொருள்? எனக்குத் தெரியாமல் எனக்குள் நடந்ததற்கு நான் பொறுப்பா, இல்லையா?

பெரிய கேள்விகள். பஸ் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு அவற்றை யோசிப்பது சுகமாகக்கூட இருந்தது. ஆனால் எனக்குப் பிடித்தது கேள்விகள் அல்ல என்று இப்போது தெரிகிறது. ஒருவருக்குத் தன்னைத் தெரியாது என்றால், வேறு யாருக்கோ தெரியும் என்று ஆகிறது அல்லவா? அந்த ‘வேறு யாரோ’வின் நாற்காலிதான் எனக்குப் பிடித்தது.

அந்தப் புத்தகத்தில் இன்னோர் அத்தியாயமும் இருந்தது. இந்த வேலைக்கு வருகிறவர், முதலில் இன்னொருவர் முன்னால் தன் மனத்தை ஆண்டுக் கணக்கில் திறந்து காட்டியிருக்க வேண்டும். கேட்கும்போது அதிகம் பேசக் கூடாது. பதிலைக் கையில் கொடுக்கவே கூடாது என்றெல்லாம். அளக்கும் கருவியை முதலில் அளந்து பார், பிறகு பாகத்தை அள... இதை நான் ஆபரேட்டர்களுக்குத் தினமும் சொல்கிறேன். அந்த அத்தியாயத்தைப் புரட்டிவிட்டுத் தாண்டிவிட்டேன்.

மஞ்சுளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அறைத்தோழி. என்னைவிட இளையவள். ஊர் தளிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கடையில் கன்னடம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவாள். அதே கம்பெனியில் ஆபரேட்டர். பாகலூர் ரோட்டில் ஒரு வீட்டின் மாடியில், ஓர் அறையும் சமையல்மேடையும் உள்ள போர்ஷனில் நாங்கள் இருவரும் இருந்தோம். வேலையிடத்தில் என்னை மேடம் என்பாள். செருப்பைக் கழற்றி அறைக்குள் வந்ததும் அக்கா. நான் சொல்லும் சுமாரான ஜோக்குக்கும் தரையில் உருண்டு சிரிப்பவள். உலகத்திலேயே அவள் ஒருத்தி முன்னால்தான் நான் நிதானம் இல்லாதவளாக இருந்தேன். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுவேன்... நம்ப முடிகிறதா?

அவளுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை நாகராஜ், பாகலூர்க்காரர். கர்நாடக எல்லைக்கு அந்தப்புறம் ஒரு கம்பெனியில் மெஷின் பராமரிப்பு. ஒருமுறை எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்து, அவளிடம் ஒரு பை நிறையக் கொய்யாப் பழம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மெஷின்கள் ஓடும் லைனில் நகை கூடாது. பாகத்தில் கீறல் விழும், விரல் மெஷினில் மாட்டும். ஆகவே மஞ்சுளா தினமும் மோதிரத்தைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து லாக்கரில் வைப்பாள். ஷிஃப்ட் முடிந்ததும் போட்டுக்கொண்டு, ஆயில் நாற்றம் போக மறுபடி கை கழுவுவாள். ஒருநாள் அப்படிக் கழுவியபோது அதைக் கழற்றித் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பின்னாலேயே வந்த நான் பார்த்தேன். எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் அவளைக் கொஞ்சம் பதறவிட்டுக் கொடுக்கலாம் என்று ஒரு விளையாட்டு எண்ணம்.

அந்த நேரம் பார்த்து ஒரு பழுது பற்றி போன் வந்தது. நான் தங்கிவிட்டேன், அவள் பஸ்ஸில் போய்விட்டாள். கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் அறைக்கு வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, மோதரத்த காணம்க்கா!”

நானும் சேர்ந்து தேடினேன். பாயை உதறினேன். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினேன்.

நடிக்கவில்லை! எனக்கு நினைவே இல்லை. என் கண் முன்னால் ஒருத்தி மோதிரம் மோதிரம் என்று அழுகிறாள்; அந்த மோதிரத்தைச் சற்று முன்பு எடுத்தவள் நான்; எனக்கு நினைவு வரவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

மறுநாள் கோட்டுப் பையில் பேனா தேடியபோது விரலில் பட்டது. குளிர்ந்துபோனேன். புத்தகம் சொன்ன மறதி இதுதான் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் உடனே அதை மூடினேன். எவ்வளவு வேகமாக மூடினேன் என்றால்... சாயங்காலம் அறைக்குப் போவதற்குள், அது மஞ்சுளாவின் மறதியாக மாறியிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக் கொட்டைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பருவத்தில் எங்கள் பக்கத்தில் பிதுக்குப் பருப்புக் குழம்பு இல்லாத வீடு இருக்காது. நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன். மோதிரம் என் கைப்பையில், இரண்டடி தூரத்தில்.

“எப்டிக்கா தொலைப்பேன்? ஒரு கர்ச்சீப்ப கூட தொலைச்சவ இல்ல நானு.”

பையை எட்டி இழுக்கப் போனேன். சத்தியமாகப் போனேன். வாயில் வந்தது வேறு.

“அதான் மஞ்சு நானும் கேக்கறேன். ஏன் தொலைஞ்சுது?”

“தெரிஞ்சா தேட மாட்டனா? எங்கியோ மறந்து வச்சிட்டேன்.”

“ஏன் மறந்த?”

“வேல டென்ஷன். அதும் இல்லாத, அவரு வேற போன் மேல போனு. கை கழுவறப்ப கூட.”

“அவர் போன் பண்ணா சந்தோஷந்தான வரணும்? ஏன் டென்ஷன்?”

அவள் சிரித்துவிட்டாள். “என்னாக்கா, கம்ப்ளெயின்ட் வந்தாப்ல கேக்கற? நானு என்னா ரிஜெக்‌ஷன் பீஸா?”

நானும் சிரித்தேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். அந்தச் சிரிப்பிலேயே பையைத் திறந்து, ‘இந்தா பிடி, நேத்து நான்தான் எடுத்தேன்’ என்று நீட்டியிருந்தால், முதுகில் ஒரு அடி கொடுத்திருப்பாள். முடிந்திருக்கும்.

“சும்மா சொல்லேன்,” என்றேன்.

கொஞ்ச நேரம் பிதுக்கினாள். “கல்யாணம் ஆனா வேலைய வுட்றணுமாம்க்கா. அவங்கம்மா சொல்றாங்களாம். அவரு ஒண்ணும் சொல்லல.”

“நீ ஏன் ஒண்ணும் கேக்கல?”

அவள் கை நின்றது.

“பயந்தான்... கேட்டா அப்றம் வேணாம்னு ஆயிடுமோன்னு.”

“யாருக்கு வேணாம்னு?”

அவள் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எனக்கா?”

கேள்வியாகத்தான் கேட்டாள். கவனியுங்கள்... கேள்வியாக! என்னிடம் கேட்டாள். நான் தலையை மெதுவாக ஆட்டினேன். நிதானமாக. எனக்கே உரிய அந்த நிதானத்தோடு.

கேள்விகள் எல்லாம் அவளுக்கு. பதில் மட்டும் அவளுடையது இல்லை. நான் பையை எட்டாமல் விட்ட அந்தக் கணத்திலேயே கடைசிப் பதில் எழுதப்பட்டுவிட்டது. மற்றவை தானாக வந்து உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “இல்லக்கா, யோசிச்சேன். எனக்கு அவர புடிக்கும்க்கா.”

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “உள்ள வேணாம்னு இருக்கும்போது வாய் இப்டித்தான் புடிக்கும் புடிக்கும்னு சொல்லும், மஞ்சு.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம்.

அன்று நாகராஜ் போனில், “போனா போவுது, அழுவாத, வேற வாங்கிக்கலாம்” என்று சொன்னாராம். என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “அவருக்கும் அது பெருசா தெரியல பாரு,” என்றேன். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த வார்த்தைக்காக அவரை இன்னும் கொஞ்சம் நேசித்திருப்பாள்.

அந்த வாரமே அவள் மொட்டை மாடியில் நின்று அவருக்கு போன் போட்டு, வேண்டாம் என்று சொன்னாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் குரல் நடுங்கவில்லை. அவள் அப்பா ஊரிலிருந்து வந்து கத்தினார். அவள் அம்மா அழுதார். மஞ்சுளா சுவரில் சாய்ந்துகொண்டு, “எனக்கு வேணாம்” என்று ஒரே வார்த்தையையே சொன்னாள். அதற்கு முன் அவள் தன் வாழ்க்கையில் எதையுமே அப்படி மறுத்ததில்லை.

சொல்ல நினைக்காமல் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்... உட்கார்ந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு மோதிரத்தைக் கொடுத்தேன். கம்பெனியில் சுத்தம் செய்யும்போது கிடைத்ததாம் என்று பொய் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது.

“பாத்தியாக்கா! வேணாம்னு சொன்னப்றந்தான் வருது பாரு. நீ சொன்னது நெசம்க்கா. நீ மட்டும் கேக்காத இருந்தா நானு தெரியாதயே போய் மாட்டிட்டிருப்பேன்.”

அதுதான் ஏழாவது.

எங்களிடம் துளையை அளக்க ஒரு சிறிய கேஜ் உண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறு முனை போகக் கூடாது. அது ‘இல்லை’ சொல்வதால்தான் அதன் ‘ஆம்’ நம்பத் தகுந்ததாகிறது. எதைக் கொடுத்தாலும் ‘ஆம்’ என்று சொன்னால், அருமையான கேஜ் என்று யாரும் மகிழமாட்டார்கள். தேய்ந்துவிட்டது என்று தூக்கிப் போடுவார்கள்.

அவள் பிடிக்கும் என்றாள்; நான் சொன்னது சரி. அவர் ஆறுதல் சொன்னார். நான் சொன்னது சரி. மோதிரம் கிடைத்தது, அப்போதும் நான் சொன்னது சரி! அவள் ஒத்துக்கொண்டால் உண்மை, மறுத்தால் இன்னும் பெரிய உண்மை. இப்படி ஒரு கருவியை வேலையிடத்தில் ஒரு நிமிடம்கூட வைத்திருக்கமாட்டேன். ஒரு மனுஷி மேல் வைத்து அளந்தேன்.

இதற்கு உளப்பகுப்பாய்வின் மேல் பழி போட முடியுமா? போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. அது என்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரியாக இருக்கிறதே! தொட்டி விளிம்பில் விட்டது அவள் மறதி; சாதாரணமாக எல்லோருக்கும் வருவது. கையில் எடுத்ததை, அவள் என் கண் முன்னால் அழுகிறபோதும் மறந்தது என் மறதி. தொலைத்தலுக்கு விருப்பம்தான் வேர் என்றால், அது யாருடைய விருப்பம்? அந்த ஒய்-ஒய்யை யாருக்குப் போட்டிருக்க வேண்டும்?

போட்டுப் பார்த்தேன், எனக்கே. ஏன் மறந்தேன்? அந்த மோதிரம் அவள் கையில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன்? அவள் போய்விடுவாள். போனால் என்ன? அந்த அறையில் பேச ஆள் இருக்காது. வேறு ஆள் வரமாட்டாளா? வருவாள்... அவள் மஞ்சுளாவாக இருக்கமாட்டாள். அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

அந்த இடத்தில் நிற்கிறேன். அங்கே ஒரு பதில் இருக்கிறது. அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அழகாக இருக்கும், எல்லாம் பொருந்திவரும். பொருந்திவருகிற பதில்களின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. ‘நனவிலி செய்தது, நான் அல்ல’ என்று ஒதுங்கிக்கொள்வது. மறந்ததற்கு நான் பொறுப்பா என்று எவ்வளவு வேண்டுமானாலும் தத்துவம் பேசலாம். சொல்லாமல் விட்டதற்கு நான் பொறுப்பு என்பதற்கு எந்தத் தத்துவமும் வேண்டாம். பை இரண்டடி தூரத்தில் இருந்தது. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எல்லாவற்றிலும் களைப்பூட்டுவது ஒன்று உண்டு. நான் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம்! வேலையை விட வேண்டும் என்ற பேச்சு அவளை உண்மையிலேயே உறுத்தியிருக்கலாம். அந்தக் கல்யாணம் அவளுக்குச் சுமையாகவே முடிந்திருக்கலாம். தேய்ந்த கேஜும் சில நேரம் நல்ல பாகத்தை நல்லது என்று சொல்லும். ஆனால் அந்தப் பாகம் அளக்கப்பட்டதாக ஆகாது. இனி அளக்கவும் முடியாது. நான் கேட்பதற்கு முன் அவளுக்குள் என்ன இருந்தது என்பது இப்போது அவளிடமே இல்லை. கொய்யாப் பழத்தைப் பற்றி ஒருமுறை பேச்செடுத்தேன். “அப்பவே எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சுக்கா,” என்றாள். இல்லை! அன்று அவள் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்தச் சிரிப்பு என் ஒருத்தியின் நினைவில்தான் இருக்கிறது. அவளிடமிருந்து அது அழிந்துவிட்டது... அழித்தது நான்.

நாகராஜுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. மஞ்சுளா அதே அறையில் என்னோடு இருக்கிறாள். நான் எதை இழக்கப் பயந்தேனோ அதை இழக்கவில்லை. தினமும் மாலையில் அவள் சிரிப்பு இருக்கிறது, குழம்பு இருக்கிறது. எனக்குப் பாட்டு வருவதில்லை.

லைனில் புதிதாகச் சேர்கிற பெண்களிடம் என்னைக் காட்டி, “நம்ம மனசுல என்னா கீதுன்னு நம்மளவிட வாணிக்காவுக்கு நல்லா தெரியும்,” என்கிறாள். பெருமையாகச் சொல்கிறாள். அதைக் கேட்கும்போது என் கை கோட்டுப் பைக்குள் போய் நின்றுகொள்கிறது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். ஆனால் யோசியுங்கள்... அவள் வாழ்க்கையில் தானாக எடுத்த ஒரே முடிவு என்று எதைப் பெருமையாக நினைக்கிறாளோ, அது இன்னொருத்தியின் கைப்பையில் இருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அப்பாவை எதிர்த்து நின்ற அந்த மஞ்சுளாவை அவளிடமிருந்தே பிடுங்க வேண்டும். பொய்யான காரணத்தின் மேல் நின்று ஒருத்தி நிமிர்ந்துவிட்டாள் என்றால், அந்த நிமிர்வும் பொய்யா? எனக்குத் தெரியவில்லை. இது அவளுக்காக நான் யோசிக்கிற யோசனையா, எனக்காக நான் போட்டுக்கொள்கிற வேலியா... அதுவும் தெரியவில்லை.

நிமிர்ந்துவிட்டாள் என்றுதான் போன வாரம் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“யம்மா வாணி, நல்லா கீறியா? ஒரு எடம் வந்து கீதும்மா. பையன் தங்கமான பையன். வேலைக்கிப் போறதுன்னா போவட்டும்னே சொல்றாங்கோ.”

“மஞ்சு என்ன சொல்றா, அம்மா?”

“அவள கேட்டா, ‘போட்டோ பாத்தேன், புடிச்சா மாதிரிதான் கீது, ஆனா எனக்கு நெசமா புடிச்சிருக்குதா இல்லியான்னு வாணிக்காவ கேட்டு சொல்றேன்’ங்கறா. என்னாம்மா இது? அவளுக்கு புடிச்சிருக்குதான்னு நீ எப்டிம்மா சொல்லுவ?”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“நீ சொன்னா கேப்பா கண்ணு. புடிச்சிருக்குதுன்னு நீயே சொல்லிடேன்.”

அன்று மாலை மஞ்சுளா போட்டோவை என் முன்னால் நீட்டினாள். “எனக்கு புடிச்சிருக்குன்னுதான்க்கா தோணுது. ஆனா அது மேலாப்லயா, உள்ளயான்னு எனக்கு தெர்ல. நீ கேளுக்கா. போன தபா கேட்டியே, அந்த மாதிரி ஏன் ஏன்னு கேளு.”

அவள் கண்களில் துளி வருத்தம் இல்லை. சின்னக் குழந்தை ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டுவதுபோல மனத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுக்கத் தெரிந்தவள் என்று நான் நினைத்தவளுக்கு, ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று தானாக நம்ப முடியவில்லை. ஒருவரின் மனத்தைப் பற்றிக் கடைசி வார்த்தை அவருடையது இல்லை என்று புத்தகம் சொன்னது. அந்த வார்த்தை வேறு யாருடையது என்று அது சொல்லவே இல்லை. காலியாக விட்டிருந்த இடம் அது. நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இப்போது இறங்கினால் அவள் அங்கே தானாக வந்து உட்காருவாளா? இல்லை, இன்னொருத்தியைத் தேடுவாளா?

“நான் கேக்க மாட்டேன் மஞ்சு,” என்றேன். “உனக்குத் தோணறதே போதும்.”

அவள் சிரித்தாள். “நீ கேக்க மாட்டேன்னு சொல்றதுக்கும் ஏதோ காரணம் கீதுக்கா. நானே யோசிச்சு கண்டுபுடிக்கணும்னு பாக்கற. சரி, யோசிக்கறேன்.”

என் மறுப்பையும் அவள் அந்த ‘ஏன்’களுக்குள் போட்டுக்கொண்டாள்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? மன்னிப்புக்காக இல்லை, மன்னிக்க வேண்டியவர் நீங்கள் இல்லை. மன்னிக்க வேண்டியவளுக்கோ, தனக்கு ஒரு தீங்கு நடந்தது என்பதே தெரியாது. சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். இவ்வளவு எழுதிவிட்டேன்... ஆகவில்லை. எழுதியதைத் திரும்பிப் படித்தால் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஒழுங்காக இட்டுச் செல்கிறது. அந்த ஒழுங்கைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

நிலைமை இதுதான். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வருகிறார்கள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்தில் இருந்து அவள் முகத்தைப் பார்த்து, பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொன்னால் போதுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மோதிரத்தைப் பற்றி மஞ்சுளாவிடம் எதுவும் சொல்லவில்லை.